திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்: திண்டுக்கல்லிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்கச் சில மலைகள்

"ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் முதலில் வரும் பதில் கொடைக்கானல். அடுத்து வருவது கார் வாடகை பற்றிய பேச்சு. அதற்கடுத்து மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் சின்னவன், முழங்கால் வலிக்கும் பாட்டி, அறை வாடகை. கடைசியில், "சரி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று பேச்சு முடிந்துவிடும்.

கொஞ்சம் மாற்றி யோசிப்போம். திண்டுக்கல் ஜங்ஷனிலிருந்து நான்கு ரயில் பாதைகள் பிரிகின்றன. தெற்கே மதுரை, வடகிழக்கே திருச்சி, வடக்கே கரூர், மேற்கே பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு. எந்தப் பாதையில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு மலை கூடவே வரும். அவற்றில் சிலவற்றைக் காலையில் ரயிலேறிப் போய், ஏறிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பி ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே சாப்பிடலாம்.

ஜப்பானில் டோக்கியோவாசிகளுக்கு இது வாராந்திரப் பழக்கம். நகரத்திலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் தகாவோ என்றொரு மலை இருக்கிறது. உயரம் 599 மீட்டர்தான். பள்ளிப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் டிக்கெட் எடுத்துப் போய் ஏறிவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் ஏறும் மலைகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட மலைகள் நம் பக்கத்திலும் உண்டு. போய் வருவதற்கான கணக்கைத்தான் நாம் சரியாகப் போடுவதில்லை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

"காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறோம். ரயிலில் போகும் மலைப் பயணத்துக்கு இந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டும். "திரும்பி வர எந்த வண்டி?" என்பதுதான் முதல் கேள்வி. திண்டுக்கல் - மதுரை, திண்டுக்கல் - திருச்சி பாதைகளில் ஒரு வண்டியை விட்டால் இன்னொன்று வரும். பழனிப் பாதையில் வண்டிகள் குறைவு. அங்கே ஒன்றை விட்டால் பல மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். குழந்தை தூங்கி வழியும் நேரத்தில் அந்த ஓட்டம் அன்றைய சந்தோஷம் முழுவதையும் தின்றுவிடும்.

பழனியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். திரும்பும் வண்டி மாலை 5 மணிக்கு என்று வையுங்கள். 4.30-க்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து ஸ்டேஷன் வர அரை மணி நேரம் ஒதுக்கினால், 4 மணிக்கு அடிவாரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். சாப்பாடு, காப்பி, பஞ்சாமிர்தம் வாங்குவதற்கு ஒரு மணி நேரம். அப்படியானால் 3 மணிக்கு மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்க 45 நிமிடம். மேலே தரிசன வரிசைக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி நேரம். ஏற ஒரு மணி நேரம். செருப்பையும் செல்போனையும் ஒப்படைக்க அரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து அடிவாரம் வர அரை மணி நேரம். கூட்டிப் பார்த்தால் காலை 10.15-க்குள் நீங்கள் பழனி ஸ்டேஷனில் இறங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் வண்டிதான் கிடைக்கிறது என்றால், அன்றைக்கு வேறு மலையைப் பாருங்கள்.

மலையேறும் நேரத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1892-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். இதன்படி சுமார் 150 மீட்டர் உயரமுள்ள பழனி மலைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் அது நல்ல உடற்கட்டுள்ள ஆளின் கணக்கு. பாட்டியும் பேரனும் கூட வந்தால் அதை மூன்று, நான்கால் பெருக்குங்கள். சுவிட்சர்லாந்தில் நடைபாதைகளில் நட்டிருக்கும் மஞ்சள் பலகைகளில் தூரத்துக்குப் பதில் நேரத்தைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே அப்படிப் பலகை இல்லை. நம் வீட்டு ஆட்களைப் பார்த்து நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் பாடம்: திண்டுக்கல் மலைக்கோட்டை

இதுவரை மலையே ஏறாத குடும்பம் என்றால் இங்கிருந்து தொடங்கலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, ஸ்டேஷனிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் இதைவிட வசதியான மலை கிடையாது. திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால்தான் ஊருக்கே திண்டுக்கல் என்று பெயர் வந்தது என்பார்கள். சுமார் 900 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் இங்கே கோட்டை எழுந்தது. 1755-ல் மைசூர்ப் படையின் சார்பில் இந்தச் சீமைக்கு அதிகாரியாக வந்தவர் ஹைதர் அலி. பின்னாளில் மைசூரையே ஆண்ட அவருடைய வளர்ச்சியில் திண்டுக்கல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். அகலமான, உயரம் குறைந்த படிகள். பீரங்கி மேடை, ஆயுதக் கிடங்கு, மழைநீர் தேங்கும் சுனை என்று நின்று நின்று பார்த்துக்கொண்டே போகலாம். உச்சியில் ஒரு கோயில். கருவறையில் மூலவர் கிடையாது. வெறும் கல் மண்டபத்தில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும். அங்கே நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர், கீழே ஊர், அதன் ஓரத்தில் தண்டவாளம். அடுத்தடுத்த வாரங்களில் எங்கெல்லாம் போகலாம் என்று பிள்ளைகளுக்குக் கையை நீட்டிக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். மாலையில் மூடிவிடுவார்கள். வழியில் நிழல் மிகவும் குறைவு என்பதை மறக்க வேண்டாம். கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறி, பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிடுங்கள். சீரகச் சம்பா பிரியாணியை ஏறுவதற்கு முன்னால் சாப்பிடாமல், இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தலைமுறைக்கும் ஒரு மலை: பழனி

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர். 2012-ல் அகலப் பாதையாக மாறிய தடம் இது. போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஒட்டன்சத்திரம் தாண்டியும் மலைத்தொடர் கூடவே வந்துகொண்டிருக்கும்.

ஆளுக்கு ஒரு வழி இருப்பதுதான் பழனியின் பெரிய வசதி. இளவட்டங்களுக்கு 693 படிகள். படி ஏறினால் முழங்கால் கெஞ்சும் என்பவர்களுக்கு, வளைந்து சாய்வாகப் போகும் யானைப் பாதை. ஏறவே முடியாது என்பவர்களுக்கு 1966 முதல் ஓடும் வின்ச், 2004-ல் வந்த ரோப் கார். பாட்டியை ஒருவர் வின்சில் கூட்டிப் போக, மற்றவர்கள் நடந்து போய் மேலே சேர்ந்துகொள்ளலாம்.

சேரும் இடத்தை மட்டும் கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். "மேலே போய் போன் பண்ணிக்கலாம்" என்று பிரிந்தால் கூட்டத்தில் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். பலத்த காற்று அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு விடுமுறை, வருடத்துக்கு ஒருமுறை நீண்ட விடுமுறையும் உண்டு. அதை மட்டும் நம்பி வயதானவர்களைக் கூட்டி வராமல், முதல் நாளே விசாரித்துவிடுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், கார்த்திகை நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அன்றைக்குப் போவது வேண்டுதலுக்கான பயணம், நிதானமான நடைக்கு வேறு நாள் பாருங்கள்.

மலைமேல் ஏற விருப்பமில்லாதவர்களுக்கு, அடிவாரத்தைச் சுற்றும் கிரிவலப் பாதையே நல்ல காலை நடை.

பழனிக்குப் பல தடவை போனவர்களுக்கு: ஐவர் மலை

பழனியிலிருந்து மேற்கே, பாப்பம்பட்டிப் பக்கம் ஐவர் மலை இருக்கிறது. பஞ்ச பாண்டவர் வந்து தங்கிய இடம் என்பது ஊர்க்கதை. பாறையின் நெற்றிப் பகுதியில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அங்கே இருக்கும் ஒரு கல்வெட்டு வரலாற்று மாணவர்களுக்குப் பொக்கிஷம். பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 792-ம் அதில் சேர்ந்தே குறிக்கப்பட்டிருக்கின்றன. சக ஆண்டு 792 என்றால் கி.பி. 870. அதிலிருந்து எண்ணித்தான் அந்த மன்னன் பட்டத்துக்கு வந்தது 862 வாக்கில் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு வம்சத்தின் காலவரிசையை நிமிர்த்திவைத்த பாறை அது.

இங்கே போக பழனி ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ஆட்டோ என்றால் திரும்பவும் சேர்த்துப் பேசி, காத்திருக்கச் சொல்லிவிடுவது நல்லது.

மதுரைப் பாதையில்: கீழக்குயில்குடி சமணர் மலை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை 60 கிலோமீட்டர் சொச்சம். அம்பாத்துரை, கொடை ரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று வண்டி தெற்கே ஓடும்போது இடது பக்கம் சிறுமலை, வலது பக்கம் தூரத்தில் பழனி மலைகள். மதுரை ஜங்ஷனில் இறங்கினால் பெரியார் பஸ் நிலையம் நடக்கும் தூரம்தான். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமிருக்கும் கீழக்குயில்குடிக்கு அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கலாம்.

அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். முதல் நிழலும் முதல் ஓய்வும் அங்கேயே கிடைத்துவிடும். செட்டிப்புடவு என்னும் குகை வாயிலில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் 'செட்டியார்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உள்ளே சிங்கத்தின் மேல் ஏறிப் போரிடும் அம்பிகா சிற்பம். இன்னொரு பக்கம் படியேறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனையும் அதன் மேலே பாறையில் வரிசையாகச் சிற்பங்களும், கீழே வட்டெழுத்தும். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே பள்ளி நடந்திருக்கிறது. நாம் பிள்ளைகளை அனுப்பும் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லே சமணப் பள்ளிகளிலிருந்து வந்தது என்பதை அங்கே உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் படித்ததைவிட நன்றாக மனதில் நிற்கும்.

ஏறும் உயரம் குறைவு, சிறுவர்களுக்குச் சுலபம். மழை பெய்து ஈரமாக இருந்தால் மட்டும் வழுக்கும்.

திருச்சிப் பாதையில்: தேவாங்குக் காடும் மலைக்கோட்டையும்

திருச்சி 90 கிலோமீட்டர் சொச்சம். வடமதுரை, அய்யலூர் தாண்டும்போது தெரியும் குன்றுகளும் காடுகளும் தேவாங்கின் வீடு. 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. இரவில் நடமாடும் விலங்கு என்பதால் ஜன்னலில் தெரியாது. ஆனாலும் பெரிய கண்களோடு அது பகலில் தூங்கும் காட்டைத் தாண்டிப் போகிறோம் என்று சொன்னால் பிள்ளைகள் போனைக் கீழே வைப்பார்கள். அடுத்து மணப்பாறை. முறுக்கு தானாக வந்து சேரும்.

திருச்சி ஜங்ஷனிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரப் பாறை, நானூறுக்கு மேல் படிகள். கூரைக்கு அடியிலேயே பெரும்பாலான படிகள் போவதால் வெயிலுக்கு இதுதான் தோதான மலை. வழியில் தாயுமானவர் சந்நிதி, பல்லவர் குடைவரை. உச்சிப் பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்தால் காவிரியும் ஸ்ரீரங்கமும் கண்ணுக்கு எதிரே.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: கொடை ரோடு

ஸ்டேஷன் பெயரில் கொடை இருக்கிறது என்பதற்காக அங்கே இறங்கிக் கொடைக்கானலை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து மலைமேல் இன்னும் 80 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்றால் நடக்க நேரமே மிஞ்சாது.

இந்த ஸ்டேஷன் வந்தபோது கொடைக்கானலுக்கு வண்டிச் சாலையே கிடையாது. 1875 வாக்கில் ரயில் வந்துவிட்டது. மோட்டார் போகும் மலைச்சாலை முடிந்ததோ 1910-களில். இடைப்பட்ட காலத்தில் இங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து நடந்தும் குதிரையிலும் நாற்காலிகளிலும் மலையேறினார்கள். அந்த நாற்காலிகளைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் அடிவாரத்துக் கூலித் தொழிலாளர்கள். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள். சொந்த வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம்.

அந்த ஆசை ஒரே நாளில் தீர வேண்டுமா? சிறுமலை இருக்கிறது. திண்டுக்கல் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சிறுமலை பஸ் பிடித்தால், 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குளிர்ந்த காற்றில் இறங்கலாம். அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஒரு சின்ன ஏற்றம். 1970-களில் முடிக்கொத்து நோயால் அழிவின் விளிம்புக்குப் போய், இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கும் மலைவாழைப் பழத்தை அது விளைந்த மண்ணிலேயே சாப்பிடலாம். இங்கே பஸ்கள் குறைவு. மேலே இறங்கியதும் கண்டக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

காட்டுக்குள் போகும் வழிகள் வேறு

மேலே சொன்னவை எல்லாம் மக்கள் நடமாட்டமுள்ள மலைகள். காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். வார விடுமுறையைக் கழிக்க வந்த, நம்மைப் போன்ற நகரத்து ஆட்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

இன்று காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால் நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை திறந்தது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் பாதையும் அதில் ஒன்று. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால், "நமக்குத் தெரிஞ்ச பையன் கூட்டிப் போவான்" என்று குறுக்கு வழி தேடாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

*டிக்கெட்:* இந்தத் தூரங்களுக்கு முன்பதிவில்லா டிக்கெட் போதும். சாதாரண வண்டிகளில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸ், சூப்பர்பாஸ்ட் என்றால் கூடும். 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம், 12 வயதுக்குள் அரை டிக்கெட். 200 கிலோமீட்டருக்குட்பட்ட முன்பதிவில்லா டிக்கெட்டை எடுத்துவிட்டு ஊர் சுற்றக் கூடாது, 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். அதனால் திரும்பும் டிக்கெட்டைத் திரும்பும் நேரத்தில் எடுங்கள். செல்போனில் ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம்.

*வண்டி நேரம்:* முதல் நாள் இரவு ஒருமுறை, மலையிலிருந்து இறங்கியதும் ஒருமுறை சரிபாருங்கள். 139-க்கு அழைத்தும் கேட்கலாம். திரும்பும் வண்டி தவறினால் எந்த பஸ் என்பதையும் காலையிலேயே விசாரித்து வையுங்கள்.

*மாதம்:* டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அருமை. மார்ச்சிலிருந்து மே வரை காலை 9 மணிக்குள் ஏறி இறங்க முடிந்தால் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். இடி மின்னல் தெரிந்தால் மொட்டைப் பாறையில் நிற்காமல் உடனே இறங்குங்கள்.

*பை:* ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, புளிசாதம், கடலை மிட்டாய், ஒரு துண்டு. எல்லாவற்றையும் முதுகுப் பையில் வையுங்கள். கையில் கவரைத் தொங்கவிட்டால் குரங்குக்கு விருந்துதான். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

*கால்:* கோயில் மலைகளில் வெறுங்கால். வெயில் ஏறினால் கல் சுடும். பிள்ளைகளின் பாதத்தை நினைத்து நேரத்தைத் தீர்மானியுங்கள்.

*உடம்பு:* இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டிலேயே மெதுவாக ஏறுபவர் யாரோ, அவர் முன்னால் போகட்டும். மற்றவர்கள் அவர் வேகத்துக்கு ஏறினால் யாரும் பின்தங்க மாட்டார்கள்.

*பாதி வழி:* குறித்து வைத்த நேரம் ஆகிவிட்டால், உச்சி எத்தனை பக்கத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். மலை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். 5 மணி வண்டி காத்திருக்காது.